காரணம் எழுதும் இடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் யாராவது லீவு லெட்டரில் 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்தால், மிலிட்டரி சார் அதை முழுக்கப் படித்துவிட்டு அமைதியாக லேபுக்குப் போன் போடுவார். "ஒரு ஸ்டாஃப் வருது, ரத்தம் எடுத்துப் பாருங்க" என்பார். பிறகு நம்மைப் பார்த்து, "போ தாயி, காய்ச்சலை வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது" என்பார், ரொம்ப அக்கறையாக. காய்ச்சல் என்று பொய் சொல்வதற்கு ஆஸ்பத்திரியைவிட மோசமான இடம் உலகத்தில் கிடையாது. இருந்தாலும் நாங்கள் எல்லோரும் அதையேதான் எழுதினோம். என்ன செய்ய, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே லீவு என்றால் காய்ச்சல்தான், வேறு எழுதிப் பழக்கமில்லை.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. நான் ஸ்டாஃப் நர்ஸ். திருப்பாலைக்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவேன். அவர் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சிங் உதவியாளராக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். நயினார்கோவில் பக்கத்துக் கிராமம். எங்களுக்கு டூட்டி போடுவதும் லீவு கொடுப்பதும் அவர் வேலை. எதிரே நின்றால் 'மிலிட்டரி சார்' என்போம். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்கள் இருந்தன. அதில் பாதி நான் வைத்தது, இங்கே வேண்டாம்.

அவரிடம் லீவு வாங்குவது கஷ்டம் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. உண்மையைச் சொன்னால் சுலபம். லேபில் இருந்த பெண் ஒருத்தி ஒருநாள் என்ன நினைத்தாளோ, 'இன்று யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். இவள் தொலைந்தாள் என்று நாங்கள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையெழுத்துப் போட்டு, "நாளைக்குப் பிடிச்சா வா" என்று அனுப்பிவிட்டார். வார்டு பாய் ஒருவன் வீட்டு ஆடு குட்டி போடுகிறது என்று எழுதினான். அவனுக்கும் கிடைத்தது. மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கிடாயா பெட்டையா என்று வேறு விசாரித்தார். ஆனால் பாட்டி இறந்துவிட்டாள் என்று எழுதின சீனியர் சிஸ்டரை விடவில்லை. "போன வருசம் ஒரு பாட்டிக்குப் போனீங்க, போன தீபாவளிக்கு ஒரு பாட்டிக்குப் போனீங்க. இது எந்தப் பாட்டின்னு சொல்லுங்கம்மா, மாலை வாங்கியாறேன்" என்றார். அந்த சிஸ்டர் அவரோடு மூன்று மாதம் பேசவில்லை.

"காரணம் சின்னதா இருக்கலாம் தாயி, உள்ளதா இருக்கணும்." இதை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

இன்னும் இரண்டு கிறுக்குகள் உண்டு அவருக்கு. ஒன்று, 'சீரியஸ்' என்ற வார்த்தை அவர் காதில் விழக் கூடாது. ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லாமல் எப்படி? ஆனாலும், 'மோசமா இருக்காருன்னு சொல்லு, கைவிட்டுப் போச்சுன்னு சொல்லு, அதை மட்டும் சொல்லாதே' என்பார். இரண்டாவது, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் லீவு கொடுக்கிறவர், தான் மட்டும் எடுக்கவே மாட்டார். பொங்கலுக்கும் வருவார், தேர்தலன்றும் விரலில் மையோடு வருவார். மகள் கல்யாணத்துக்கே, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் பார்த்து வைத்த மனிதர்.

இந்த ஆளுக்கு லீவு என்றால் என்ன கோளாறு என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ரேஷன் கார்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பழுப்பேறி, ஓரமெல்லாம் நைந்து, மேலே கழுகுப் படம் போட்டிருந்தது. ஜெர்மன்காரப் பட்டாளத்தான் ஒருவனுடைய சம்பளப் புத்தகம் என்றார்.

அது எப்படி நயினார்கோவில் பக்கம் வந்தது என்றால், அவருடைய அய்யா, அதாவது அப்பா, வழியாக. இரண்டாம் உலகப் போரில் அந்த அய்யா இத்தாலியில் லாரி ஓட்டியிருக்கிறார். பிடிபட்ட ஜெர்மன்காரர்களை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போய் முகாமில் இறக்கிவிட்டு வந்து, லாரியைக் கழுவும்போது பலகை இடுக்கில் இந்தப் புத்தகம் கிடைத்தது. அய்யாவிடமும் இதே மாதிரி ஒன்று இருந்தது. அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர் அவர். புத்தகம் தொலைந்தால் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. அதனால் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அய்யோ பாவம், இந்தப் பயலுக்கு இனிமேல் எப்படி லீவு கொடுப்பார்கள்? அடுத்த நடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தார். அடுத்த நடை போனபோது அந்த ஆட்களை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். கடைசியில் கப்பலேறி ஊருக்கே வந்துவிட்டது. சாகும்வரை நிலப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிடிபட்ட கைதிக்கு யாரு சார் லீவு குடுக்கப் போறா?" என்று கேட்டேன்.

"நானும் அதையேதாம்மா அய்யாகிட்ட கேட்டேன். 'ஏலே, சண்டை ஒருநாள் முடியும்ல? அப்ப புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொல்லி அவன்கிட்ட கேப்பாகல்ல?'ன்னாரு."

அவருடைய ஒரே மகள் நர்சிங் முடித்து, ஜெர்மன் படித்து, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அவள்தான் போனில் பார்த்து அதிலுள்ள லீவுப் பக்கத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். இவர் தமிழில் எழுதி உள்ளே செருகி வைத்திருந்தார். எங்கே போகிறான், ஏன் போகிறான் என்று ஒவ்வொரு லீவுக்கும் ஒரு வரி. முதல் லீவு, ஓய்வுக்கு. அடுத்தது சிறப்பு லீவு, காரணம் கல்யாணம். அதற்கடுத்ததும் சிறப்பு லீவு, குண்டு விழுந்து வீடு இடிந்துவிட்டது. கடைசி வரியும் சிறப்பு லீவுதான். காரணம், குழந்தை பிறந்திருக்கிறது. அந்த வரியில் கையெழுத்து இல்லை, முத்திரையும் இல்லை. எழுதி வைத்ததோடு நின்றுவிட்டது. அதற்குள் பிடிபட்டிருப்பான்.

நான் சும்மா இருப்பேனா? அந்தப் பட்டாளம் செய்த அட்டூழியமெல்லாம் பத்தாம் வகுப்பில் படித்ததுதானே. "லீவு குடுத்ததால நல்லவங்க ஆயிருவாங்களா சார்?" என்றேன்.

"ஆக மாட்டாங்க" என்றார் உடனே. "செஞ்ச பாவத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஆனா பாரு, அந்தப் பாவிப்பய பட்டாளத்துல கூடக் காரணம் எழுத ஒரு இடம் விட்டிருக்கான். நம்ம ஆஸ்பத்திரி ஃபாரத்துல அது இல்ல, தனியா லெட்டர் எழுத வேண்டியிருக்கு." சொல்லிவிட்டுப் புத்தகத்தை உறைக்குள் போட்டுவிட்டார். எனக்கு அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்த வருடம்தான் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் படகில் பங்குக்கு மீன் பிடிக்கப் போகிறவர். கடல் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள் என்று படகோடு அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்துவிட்டார்கள். எங்கள் கடற்கரையில் இது புதிதில்லை. ஆனால் நம் வீட்டில் நடக்கிறவரை எல்லாமே பேப்பர் செய்திதான். ராத்திரி சோறு போடும்போது கை தானாக இன்னொரு தட்டை எடுக்கும். பிள்ளைகள் பார்ப்பதற்குள் திரும்ப வைத்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் நான் யாரிடமும் சொல்லவில்லை. கேரளாவுக்குத் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி, தம்பி பிடிபட்டதைச் சொல்லி அழுதாள். கோர்ட்டு, மனு என்று அலைகிறவர்களை வைத்துக்கொண்டு வார்டு நடத்த முடியாது என்று மேலே பேசினார்கள். இரண்டு மாதத்தில் அவள் வேலையில் இல்லை. என் ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. வாயைத் திறப்பேனா? ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவள், ஆஸ்பத்திரியில் அந்த ஒரு விஷயத்தில் ஊமையாக இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மீனவர் சங்கத்திலிருந்து போன் வந்தது. விடுதலை செய்துவிட்டார்கள், சென்னைக்கு விமானம், அங்கிருந்து வேன், நாளை மறுநாள் காலை ராமேஸ்வரத்தில் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள் என்றார்கள். போனை வைத்ததும் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தால், நோட்டீஸ் போர்டில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரித் தரச் சான்றிதழுக்கான ஆய்வுக் குழு வருகிறது, யாருக்கும் லீவு கிடையாது. எந்த நாள் என்று பார்த்தால், அதே நாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டுப் பெண்கள் புதுக் கைலியும் சட்டையும் கொண்டுபோய், இறங்குகிற இடத்திலேயே மாற்றவைத்துத்தான் கூட்டி வருவோம். அங்கே போட்டிருந்த துணி வீட்டு வாசல் ஏறக் கூடாது. பெண்டாட்டி கையில் துணியோடு நிற்கவில்லை என்றால், மற்றவர்கள் எல்லாம் மாற்றிக்கொண்டு கிளம்ப, அந்த ஆள் மட்டும் பழைய துணியோடு ஓரமாக நிற்பான். முன்பு ஒருவர் அப்படி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். என் ஆளை அப்படி நிற்க விட முடியாது.

யோசித்தேன். காய்ச்சல் எடுபடாது. வேலையும் போகக் கூடாது. ஒரு தாளை எடுத்து, 'மாமியார் சீரியஸ், இரண்டு நாள் லீவு வேண்டும்' என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். அந்த வார்த்தை அவருக்கு ஆகாது என்பது அவசரத்தில் நினைவில்லை. என் மாமியார் அந்த நேரத்தில் கடைவீதியில் மகனுக்குக் கைலி பேரம் பேசிக்கொண்டிருந்தார், கல்லுக்குண்டு மாதிரி.

அவர் படித்தார். லேபுக்குப் போன் போடவில்லை. பேனாவை மூடி வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏம்மா, இது உங்க மாமியாருக்குத் தெரியுமா?"

உட்காரச் சொன்னார். அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

தந்தி இருந்த காலம். பட்டாளத்தில் லீவு கிடைக்க ஒரே வழி, ஊரிலிருந்து 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு' என்று தந்தி வர வேண்டும். எல்லா ஊரிலும் இதே கதைதான். மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் வேண்டும் என்றால் அம்மா சீரியஸ். பங்காளி வீட்டுக் கல்யாணம் என்றால் அம்மா சீரியஸ். அவருடைய அம்மா தானே நடந்து போஸ்ட் ஆபீசுக்குப் போய், தான் சாகக் கிடப்பதாகத் தந்தி கொடுத்துவிட்டு, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். அவர் தலை தெரிந்ததுமே போஸ்ட் மாஸ்டர், "என்ன ஆத்தா, வழக்கம்போலதானா?" என்று ஃபாரத்தை எடுத்துவிடுவாராம். சொல்லும்போது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

"ஒரு தடவை அதே தந்தி வந்துச்சு. மேலதிகாரி கூப்பிட்டு, 'உடனே கிளம்பு'ன்னாரு. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். மிளகாய் பழுத்துருச்சுபோல, அய்யா கூப்பிடுறாருன்னு நினைச்சேன். அடுத்த மாசம் கோயில் கொடை வருது, அந்தத் திருவிழாவுக்குப் போவோம்னு, 'இப்ப வேணாம் சார்'னுட்டேன்."

மேசையில் இருந்த என் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"அதிகாரி நம்புனாரு தாயி. நான்தான் நம்பல. அடுத்த தந்தி வந்து நான் போய் இறங்கும்போது எல்லாம் முடிஞ்சு சாம்பலை அள்ளிட்டாக."

எனக்குத் தாங்கவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், பிறவிக்குணம். எழுந்து நின்று கத்தினேன். வீட்டுக்காரர் கேரளாவில் இல்லை, அக்கரைச் சிறையில் இருக்கிறார், நாளை மறுநாள் வருகிறார், கைலியோடு நான் போய் நிற்க வேண்டும், உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கொட்டித் தீர்த்தேன். "சொன்னா மட்டும் குடுத்துருவீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அவர் என் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். புதுத் தாள் எடுத்து, தானே எழுதினார். 'சிறப்பு லீவு. காரணம்: கணவர் வீட்டுக்கு வருகிறார்.' என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நேராக, ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டர் அறைக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

பெரிய டாக்டர் படித்துவிட்டு, இப்படி ஒரு லீவே நம்மிடம் கிடையாதே, அதுவும் ஆய்வு நாளில் எப்படி என்று கேட்டார். வார்டுக்கு யார் நிற்பார்கள் என்றார்.

"நான் நிக்கிறேன் சார். மருந்துக்கு மேல்வார்டு சிஸ்டர் வந்து போகட்டும்."

"ஆய்வுக்காரங்க கேட்டா?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

பெரிய டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை மாதமாக உள்ளே இருந்தார் என்று கேட்டார். சொன்னேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அவருக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ராமேஸ்வரத்தில் வேன் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. எங்கள் தெருவே வந்திருந்தது. இறங்கினவர்களில் என் ஆளை எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை, அப்படி இளைத்திருந்தார். தாடி வேறு. பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "உனக்கு லீவு குடுத்தாகளா?"

"குடுத்தாக" என்றேன். கைலியை நீட்டினேன்.

ஆய்வு நாளில் நடந்ததை மற்ற நர்சுகள் சொன்னார்கள். குழுவில் வந்த அம்மா, இந்த வார்டு நர்ஸ் எங்கே என்று கேட்டிருக்கிறார். மிலிட்டரி சார் தன் பழைய வெள்ளைக் கோட்டோடு நின்று, "லீவும்மா. வீட்டுக்காரர் அக்கரைச் சிறையிலேர்ந்து இன்னைக்கு வாராக" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "நல்லபடியா வந்துட்டாங்களாமா?" என்று கேட்டாராம். அடுத்த மாதம் புது லீவு ஃபாரம் அச்சடித்து வந்தது. நடுவில் பெரிதாக ஒரு காலி இடம், மேலே 'காரணம்' என்று போட்டு.

அதற்கப்புறம் சில வருடம் ஓடியது. நான் நர்சிங் இன்சார்ஜ் ஆனேன். லீவு ஃபாரங்கள் என் கையெழுத்தோடுதான் மிலிட்டரி சாரிடம் போகும். ஜெர்மனியில் அவர் மகளுக்குப் பிரசவம் என்று சம்சாரம் முன்கூட்டியே போய்விட்டார். பெண் குழந்தை பிறந்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். போட்டோவைப் பார்க்காதவர்களே இல்லை, ஐசியூவில் மயக்கம் தெளிந்தவர்களுக்குக்கூடக் காட்டினார். எப்போது போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். விசா வந்து கிடக்கிறது, மகள் டிக்கெட்டே போட்டுவிட்டாள், மனிதர் நகரவில்லை.

ஒரு வழியாக ஒருநாள் ஃபாரத்தோடு வந்தார். அத்தனை வருடத்தில் அவர் எழுதிய முதல் லீவு. வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெரிய இடத்தில், ஓரமாக, பொடி எழுத்தில், 'சொந்த வேலை' என்று இருந்தது.

நான் ஃபாரத்தைத் திருப்பி நீட்டினேன். "இது காரணமா சார்?"

"எல்லாரும் எழுதுறதுதானே?"

"லேபுக்குப் போன் போடட்டுமா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லீவு எடுத்துப் போயி நான் நல்லது பார்த்ததே இல்ல தாயி. பேனாவை எடுத்தாலே அந்தத் தந்திதான் நெனப்புக்கு வருது" என்றார். இவ்வளவு வருடம் இந்த மனிதரைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்திருக்கிறேனே.

"நீங்க போறது பிள்ளை பிறந்த வீட்டுக்கு" என்றேன். "உள்ளதை எழுதுங்க."

'சொந்த வேலை'யை ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு குனிந்து எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. 'பேத்தி பிறந்திருக்கிறாள். தூக்க வேண்டும்.'

மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்திருந்தார். கடைசி லீவுக்கு அந்த ஜெர்மன்காரன் போக வேண்டிய ஊர் மகள் வீட்டிலிருந்து ரயிலில் போகிற தூரம்தானாம். யாராவது இருந்தால் கொடுத்துவிட்டு வரலாம், அய்யா பாரம் தீரும் என்றார். "அவன் லீவுதான் கையெழுத்து விழாம நின்னுபோச்சு" என்று சொல்லி, ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

கையெழுத்துப் போட்டேன். முத்திரையை எடுத்துக் குத்தினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பாதிதான் விழுந்திருக்கு. இன்னொரு தடவை குத்து தாயி."

மையைத் தொட்டு அழுத்திக் குத்தினேன். கீழே, திரும்பும் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பட்டுமா என்று அவர் பேனாவோடு என்னைப் பார்த்தார். "ஆசை தீரத் தூக்கிட்டு மெதுவா வாங்க" என்று நான் ஃபாரத்தை இழுத்துக்கொண்டேன். அந்தக் கட்டம் இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.